டின்னின் வயது என்ன?

கேள்வி: தோட்டத்து பங்களாவில் கிடந்த பிளேயர்ஸ் நேவி கட் சுங்கான் புகையிலை டின் ஒன்று கிடைத்தது. எந்தக் காலத்தது? துருவை எப்படி எடுப்பது?
– வாசகர், ஹட்டன்

பதில்: பெரிதாக அச்சிட்ட ஆண்டையோ பதக்கங்களையோ நம்பாதீர்கள், அவை கம்பனியின் பெருமை, டின்னின் வயதல்ல. சின்ன எழுத்தைப் பாருங்கள். பிளேயர்ஸ் சேர்ந்துகொண்ட இம்பீரியல் டொபாக்கோ கம்பனியின் பெயர் இருந்தால், அது தொடங்கிய 1901க்கு முந்தியதல்ல. விலை ஷில்லிங், பென்ஸ் என்ற பழைய நாணயக் கணக்கில் இருந்தால், பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறிய 1971 பெப்ரவரிக்கு முந்தியதாகவே இருக்கும். எடை அவுன்ஸில் மட்டுமென்றால் பழசு. கிராம் என்றால் பிந்தியது. பார்கோடு இருந்தால் பங்களாக் கதையை மறந்துவிடுங்கள்!

துருவுக்குத் தேசிக்காய், உப்புத்தாள் வேண்டாம். அச்சுப் படமும் சேர்ந்து போய்விடும். உலர்ந்த பருத்தித் துணியே போதும். மலைநாட்டு ஈரத்துக்கு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். திறக்காத டின்னில் துருவால் ஊசித்துளை விழுந்தாலும் காற்றடைப்பு போய், புகையிலை காய்ந்துவிடும்.