ஜனவரி 26இல் கொண்டாடப்படும் ஆஸ்திரேலியா தினத்தின் தேதியை மாற்றினால் பூர்வகுடி மக்களின் வாழ்க்கை மாறிவிடுமா? புதிதாகக் குடியேறிய நாம் இதில் கருத்துச் சொல்லலாமா?

தேதியை மாற்றுவதால் மட்டும் ஒருவருடைய சிறுநீரகம் குணமாகிவிடாது. ஆனால் "முதலில் அவர்களுடைய உடல்நலத்தைக் கவனியுங்கள், தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்களை, உடல்நலம் கவனிக்கப்பட வேண்டிய இடங்களில் நான் பார்த்ததில்லை. இந்தக் கேள்வி என்னை எழுத வைத்ததற்கு அதுதான் காரணம்.

நீங்கள் குடியுரிமை விழாவுக்கான அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் என்றும், அலுவலகத்தில் ஒவ்வொரு ஜனவரியிலும் எழும் வாக்குவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிப்பவர் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நான் தமிழ்நாட்டில் செவிலியர் படிப்பை முடித்து இங்கு வந்தவள். சில ஆண்டுகள், நடு ஆஸ்திரேலியப் பாலைவன நகரமான ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், டயாலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் சிகிச்சை) பிரிவில் பணியாற்றிவிட்டு, இப்போது மெல்பர்னில் இருக்கிறேன். நான் வரலாற்று ஆய்வாளர் அல்ல. பூர்வகுடி மக்களின் சார்பில் பேசும் தகுதியும் எனக்கு இல்லை. அவர்களுக்குள்ளேயே இது குறித்து ஒரே கருத்து இல்லை என்பதும், தேதியை மாற்றத் தேவையில்லை என்று வாதிடும் செனட்டர் ஜசிந்தா நம்பிஜின்பா பிரைஸ் ஆலிஸ் ஸ்பிரிங்ஸைச் சேர்ந்த பூர்வகுடிப் பெண்மணிதான் என்பதும் எனக்குத் தெரியும். இதைச் சொல்லிவிட்டே தொடர்கிறேன். இல்லையென்றால் பின்னூட்டத்தில் யாராவது சுட்டிக்காட்டுவார்கள்.

முதலில் தேதியைப் பார்ப்போம். 1788 ஜனவரி 26 அன்று பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஆர்தர் பிலிப் தம்முடன் வந்தவர்களோடு, இன்றைய சிட்னி நகரில் உள்ள சிட்னி கோவ் கரையில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அந்த மண்ணின் உரிமையாளர்களான கடிகல் மக்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே பெரியம்மை பரவி அப்பகுதி மக்களில் பெரும் பங்கினரை அழித்தது. இந்தத் தேதியைத் தொன்றுதொட்டு வரும் தேசிய மரபு என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் எல்லா மாநிலங்களும் "ஆஸ்திரேலியா தினம்" என்ற பெயரை ஏற்றது 1935இல்தான், நாடு முழுவதும் அதே நாளில் விடுமுறை விடத் தொடங்கியது 1994இல்தான். நாடு தழுவிய இந்த விடுமுறையைவிட எதிர்ப்புதான் பழையது. 1938இல், 150ஆம் ஆண்டு விழாவின்போது, பிலிப் கரையிறங்கிய காட்சியை நடித்துக் காட்ட மெனிண்டீ போன்ற தொலைதூர இடங்களிலிருந்து பூர்வகுடி ஆண்களைச் சிட்னிக்குக் கொண்டுவந்தார்கள். அதே நாளில் அதே நகரில் பூர்வகுடித் தலைவர்களான வில்லியம் கூப்பர், வில்லியம் ஃபெர்குசன், ஜாக் பேட்டன் ஆகியோர் துக்க நாள் மாநாட்டை நடத்தி, முழுக் குடியுரிமையும் சமத்துவமும் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆகவே தேதியைப் பற்றிய வருத்தத்தை நேற்றைய பல்கலைக்கழக மாணவர்கள் கிளப்பிவிட்டார்கள் என்பது உண்மையல்ல. அந்த மாநாடு தேதியையும் வாழ்நிலையையும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இனி, நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். டயாலிசிஸ் என்பது வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கைந்து மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருப்பது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான். பாலைவனக் கிராமத்தில் வாழும் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்தால், ஊரையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியுள்ள நகரத்துக்கு வந்துவிட வேண்டும். எங்கள் பிரிவில் ஒரு மூதாட்டி இருந்தார். உறவினர் ஒருவர் இறந்ததும், சடங்குகளுக்காக ஊருக்குப் போனார். அவர்களுடைய வழக்கத்தில் அதைத் தவிர்ப்பது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. சில டயாலிசிஸ்களைத் தவறவிட்டுத் திரும்பி வந்தபோது நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுவிட முடியாத நிலையில் இருந்தார். அவருடைய கோப்பில் "சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவர்" என்று எழுதப்பட்டது. அந்தச் சொற்களை நீக்க வேண்டும் என்று நான் எழுத்து மூலமாகக் கேட்டேன். பதிவு பதிவாகவே இருக்கும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். இறுதிச் சடங்குக்குப் போன தாயை ஒத்துழைக்காதவர் என்று நம் ஊரில் எந்தச் செவிலியராவது எழுதுவாரா? இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் குறிப்பைப் படித்த அடுத்தடுத்த மருத்துவர்கள் அவரிடம் பேசிய தொனியே மாறிப்போனதை நான் பார்த்தேன்.

இங்குள்ள தமிழர்களிடம் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பொங்கல் விழாவில், நான் மதிக்கும் ஓர் அண்ணன், ஓய்வு பெற்ற பொறியாளர், "சிஸ்டர், நாமும் இரண்டு பெட்டியோடுதானே வந்தோம்? உழைத்து வீடு வாங்கவில்லையா? அரசு இவ்வளவு செய்தும் அவர்கள் ஏன் முன்னேறவில்லை?" என்று கேட்டார். பலர் தலையசைத்தார்கள். நான் அவருக்குச் சொன்னது இதுதான்: உங்கள் சம்பளம் உங்கள் கைக்கு வந்தது. வடக்கே கால்நடைப் பண்ணைகளில் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக மாவுக்கும் சர்க்கரைக்கும் தேயிலைக்கும் உழைத்தார்கள். சம ஊதியத் தீர்ப்பே 1966இல்தான் வந்தது, அதன்பின் பலரைப் பண்ணைகளிலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள். குவீன்ஸ்லாந்து அரசு அவர்களுடைய கூலியைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருந்து, 2019இல் தான் 190 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. உழைத்தவர்களில் பலர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். பெட்டியோடு வந்தவருக்கும், இருந்த வீட்டையும், பெற்ற பிள்ளையையும்கூட அரசிடம் பறிகொடுத்தவருக்கும் ஒரே அளவுகோலை வைப்பது நியாயம் அல்ல. அவர் ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் அதற்குப் பிறகு என் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

நோயின் வேரும் அந்த வரலாற்றில்தான் கிடக்கிறது. நெருக்கடியான வீடு, உடைந்த குழாய், அதனால் குழந்தைகளுக்குச் சிரங்கு, சிரங்கில் நுழையும் கிருமி, அதன் பின்விளைவாகச் சிறுநீரக அழற்சியும் வாதக் காய்ச்சலால் வரும் இதய நோயும். பின்னாளில் இவற்றோடு நீரிழிவு. 2020-22 காலத்துக்கான கணக்கின்படி பூர்வகுடி ஆண்களின் சராசரி ஆயுள் 71.9 ஆண்டுகள், பெண்களுடையது 75.6 ஆண்டுகள், மற்றவர்களோடு ஒப்பிட்டால் எட்டு ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. மக்கள்தொகையில் நான்கு சதவீதத்துக்கும் குறைவாக உள்ளவர்கள் சிறைக் கைதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் தேதி என்ன செய்யும் என்று கேட்கிறீர்கள். என் பதிலுக்கு வாலுங்குருவைத்தான் காட்டுவேன். கின்டோர் என்று வரைபடங்களில் காணப்படும் இந்த ஊர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்குள்ள பின்டுபி மக்கள், தங்கள் பெரியவர்கள் நகரத்தில் டயாலிசிஸ் நாற்காலியில் தனிமையில் சாவதைக் கண்டு, தங்கள் ஊரிலேயே இயந்திரம் வேண்டும் என்று கேட்டார்கள். அரசு உதவி கிடைக்காதபோது, தாங்களே ஓவியங்களை வரைந்து, 2000இல் சிட்னியில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004இல் வாலுங்குருவில் டயாலிசிஸ் தொடங்கியது. இன்று 'பர்ப்பிள் ஹவுஸ்' என்று அழைக்கப்படும் அந்த அமைப்பு தொலைதூர ஊர்கள் பலவற்றில் இயங்குகிறது. நான் பணியாற்றிய காலத்தில், நகரத்தில் வாய் திறக்காத நோயாளிகள் ஊருக்குத் திரும்பிச் சிகிச்சை பெறும் முறை வந்ததும் எப்படி மாறினார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்டதற்குச் செவிசாய்த்தபோது நடந்தது அது. "தேதியை மாற்றுங்கள்" என்பதும் அவர்களில் பலர் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருவதுதான். அதைச் செய்வதற்கு ஒரு மருத்துவமனையை மூட வேண்டியதில்லை, ஒரு டாலரைக்கூட வேறெங்கிருந்தும் பிடுங்க வேண்டியதில்லை. நிறைவேற்ற இவ்வளவு எளிதான ஒன்றுக்கே செவிசாய்க்க மறுப்பவர்கள், வீடும் மருத்துவமும் பற்றிய கடினமான கோரிக்கைகளுக்குச் செவிசாய்ப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. 2023 அக்டோபர் 14 அன்று நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடிக் குரல் அமைப்புக்கான வாக்கெடுப்பை ஏறத்தாழ 60 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். வேண்டாம் என்று வாக்களித்த எல்லோரையும் இனவெறியர் என்று நான் சொல்லவில்லை. என் நண்பர்களும் அவர்களில் உண்டு.

நமக்குக் கருத்துச் சொல்ல உரிமை உண்டா? வரி கட்டுகிறோம், வாக்களிக்கப் போகிறோம், உண்டு. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருக்கிறது. 1930 ஜனவரி 26 அன்று முழு விடுதலை வேண்டும் என்று உறுதி ஏற்றதன் நினைவாகத்தான் 1950இல் அதே நாளில் இந்தியா குடியரசானது. பிரிட்டிஷ் கொடியை இறக்கப் போராடியதற்காக அந்த நாளைப் போற்றும் நாம், அதே கொடி இங்கே ஏற்றப்பட்ட நாள் ஒருவருக்கு வலிக்கிறது என்றால் புரியாதவர்கள்போல் இருக்க முடியாது.

உங்கள் அழைப்பு ஜனவரி 26க்கு வந்தால் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பல ஆண்டுகள் காத்திருந்து பெறும் உரிமை அது, உங்கள் மகிழ்ச்சியில் குற்றம் எதுவும் இல்லை. வேறு நாளில் ஏற்க விரும்பினால் உங்கள் நகரசபைக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதுங்கள். 2022 டிசம்பரில் விதி தளர்த்தப்பட்டதிலிருந்து அந்த விழாவை ஜனவரி 26க்கு மூன்று நாட்கள் முன்போ பின்போ நடத்த நகரசபைகளுக்கு அனுமதி உண்டு. ஆண்டின் மற்ற மாதங்களிலும் விழாக்கள் நடக்கின்றன. உறுதிமொழியை ஒப்புதல் கிடைத்த பன்னிரண்டு மாதங்களுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.