மூன்று விடைகளும் ஒரே நெடுவரிசையில் ஏன் வருகின்றன?

கேள்வி: மழைமானி நிலையம் ஒவ்வொன்றின் தினசரிப் பதிவையும் படித்து, ஆண்டின் மொத்த மழை, ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை, மழை நாட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் திருப்பித் தரும் செயற்கூறு ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் நிரல்தொகுப்பான பாண்டாஸின் அப்ளை (apply) மூலம் அதை நிலையப் பட்டியலின் மேல் இயக்கினால், மூன்றும் அடைப்புக்குறிக்குள் சேர்ந்து ஒரே நெடுவரிசையில் வந்து விழுகின்றன. இவற்றைத் தனித்தனி நெடுவரிசைகளாகப் பெறுவது எப்படி?
– முதுகலைப் புவியியல் மாணவி ஒருவர், திருநெல்வேலி

பதில்: உங்கள் செயற்கூறு மூன்று மதிப்புகளைத் தருவதாகத் தோன்றினாலும், பைத்தானில் எந்தச் செயற்கூறும் ஒரே ஒரு பொருளைத்தான் திருப்பித் தரும். காற்புள்ளியிட்டு நீங்கள் எழுதிய மூன்றும் ஒரு டியூப்பிளாக, அதாவது பல மதிப்புகள் அடங்கிய ஒரே பொட்டலமாக, கட்டப்படுகின்றன. பாண்டாஸ் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே கட்டத்துக்குள் வைத்துவிடுகிறது. அப்ளையில் ‘ரிசல்ட் டைப்’ என்பதற்கு ‘எக்ஸ்பேண்ட்’ என்று கொடுத்தால் பொட்டலம் பிரியும். ஆனால் நெடுவரிசைகளுக்கு 0, 1, 2 என்றுதான் பெயர் விழும். அவற்றுக்குச் சரியான பெயரை வைப்பது உங்கள் பொறுப்பாகிவிடும். மொத்த மழையும் அதிகபட்ச மழையும் மில்லிமீட்டரிலேயே இருப்பதால், இரண்டும் இடம் மாறினாலும் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

ஆகவே டியூப்பிளை விட்டுவிட்டு, நிலையத்தின் பெயரையும் சேர்த்து, ஒவ்வொரு மதிப்புக்கும் பெயரிட்ட டிக்‌ஷ்னரி ஒன்றைத் திருப்பித் தருவதையே பரிந்துரைக்கிறேன். நிலையங்களின் மேல் சுழலும் மடக்கில் (லூப்) அந்த டிக்‌ஷ்னரிகளைச் சாதாரண லிஸ்ட் ஒன்றில் சேர்த்துக்கொண்டே வந்து, மடக்கு முடிந்தபின் ஒரே முறை டேட்டாஃபிரேமாக, அதாவது பாண்டாஸின் அட்டவணையாக, மாற்றுங்கள். பெயர்களே நெடுவரிசைத் தலைப்புகளாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் டேட்டாஃபிரேமுடனேயே ஒரு வரிசையைச் சேர்க்கும் பழைய வழக்கம், முழு அட்டவணையையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படியெடுத்ததால் மிக மெதுவாக நடந்தது. அதற்கான அப்பெண்ட் வசதியே 2023இல் வெளிவந்த பாண்டாஸ் 2.0இல் நீக்கப்பட்டுவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு முழுவதும் பதிவே இல்லாத நிலையம் இருந்தால், வெற்றுத் தொடரின் கூட்டுத்தொகையைப் பாண்டாஸ் 0 என்றே தரும். 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளையே இந்திய வானிலைத் துறை மழை நாளாகக் கொள்கிறது. அந்த அளவை வைத்து எண்ணினால் அங்கும் 0தான் வரும். மழைமானி பழுதாகிக் கிடந்த ஊர் வறண்ட ஊராக உங்கள் ஆய்வேட்டில் ஏறிவிடும். எனவே பதிவு இருக்கிறதா என்பதைச் செயற்கூற்றின் தொடக்கத்திலேயே சோதித்து, இல்லையெனில் நிலையத்தின் பெயரை மட்டும் கொண்ட டிக்‌ஷ்னரியைத் திருப்பித் தாருங்கள். மற்றக் கட்டங்களில் மதிப்பு இல்லை என்ற குறியைப் பாண்டாஸே இட்டுக்கொள்ளும். அந்தக் குறி நுழைந்ததும் மழை நாட்கள் 47 என்பது 47.0 என்று மாறித் தெரியும். அது உறுத்தினால், அந்த நெடுவரிசையை மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும் ‘இன்ட்64’ (Int64) என்ற முழு எண் வகைக்கு மாற்றிக்கொள்ளலாம்.