இரு சமயத் திருமணம்: விருந்தைக் குறையுங்கள், உயிலை எழுதுங்கள்

கேள்வி: நான் இந்து, மணக்கவிருக்கும் பெண் கிறிஸ்தவர். தேவாலயத்திலும் மறுநாள் மண்டபத்திலும் சடங்குகளை நடத்தி, சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய இரு குடும்பங்களும் இசைந்துள்ளன. எங்கள் சேமிப்பு 9 லட்சம் ரூபாய். செலவு 14 லட்சத்தைத் தொடும் போலிருக்கிறது. மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரு வீட்டுப் பெரியவர்களும் மனமுவந்து ஏற்ற சடங்குகளில் எதையும் விட்டுவிடும்படி நான் சொல்லமாட்டேன். ஆனால் செலவை ஏற்றுவது சடங்கு அன்று, இரண்டு முறை வைக்கும் விருந்தே. நெருங்கிய உறவினருடன் இரு சடங்குகளையும் முடித்துவிட்டு, ஒரே வரவேற்பை இரு வீட்டாரும் சேர்ந்து நடத்தினால், வாடகை, சாப்பாடு, அலங்காரம் எல்லாம் ஒருமுறையோடு நின்றுவிடும். மண்டபத்துக்கு வங்கி வழியாகவே பணம் செலுத்துங்கள்; முன்பணம், மீதி என்று பிரித்துக் கொடுத்தாலும், ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மணமக்களுக்கு வரும் மொய்க்கு வரி இல்லை. பெற்றோருக்கு வரும் மொய்க்கு அந்த விலக்கு பொருந்தாது என்பதால், மொய் நோட்டில் பெயரும் தொகையும் தெளிவாக இருக்கட்டும்.

பதிவு விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி இந்து அல்லாத ஒருவரை மணந்தால், உங்கள் சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். குழந்தை பிறக்கும் முன், உயில் எழுதாமல் நீங்கள் இறக்க நேர்ந்தால், ஏறத்தாழப் பாதி மனைவிக்கும் மீதி தந்தைக்கும் சேரும். தந்தை உயிரோடு இருக்கும்வரை தாய்க்கு ஒன்றுமில்லை. இந்துச் சட்டத்திலோ தாய் முதல் நிலை வாரிசு. உங்கள் தாயார் உங்கள் வருமானத்தை நம்பி இருப்பவரானால், இந்த வேறுபாடு அவருடைய முதுமையையே பாதிக்கும். பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்து இருப்பின், திருமணத்தோடு நீங்கள் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவீர்கள். பங்கு பறிபோகாது என்றாலும், இதைத் தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆகவே இருவரும் தனித்தனியே உயில் எழுதுங்கள், அதுவும் திருமணத்துக்குப் பிறகு; ஏனெனில் மணப்பெண் முன்பே எழுதிய உயில் இருந்தால் அது திருமணத்தோடு செல்லாததாகிவிடும். சொத்தில் பயன்பெறாத இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. வங்கி, பிஎஃப், காப்பீடு ஆகியவற்றில் நாமினி பெயரையும் அந்த வாரமே மாற்றுங்கள். திருமணப் பதிவுக்கு 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. உயிலின் வரைவை அதற்குள் தயாரித்துக்கொள்ளலாம்.