ஓசூர் கார் 4.75 லட்சம், பெங்களூருக்கு வந்தால் எவ்வளவு?

கேள்வி: அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை, கணவருக்கு பீன்யாவில் வேலை. இருவருக்கும் சேர்த்துக் கையில் 85,000 ரூபாய் வருகிறது. எஃப்டியில் 4 லட்சம் இருக்கிறது, கடன் எதுவும் இல்லை. கணவரின் பெரியப்பா மகன் ஓசூரில் இருக்கிறார். அவர்கள் வீட்டு 2018 மாடல் சின்ன பெட்ரோல் காரை 4.75 லட்சத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கார் லோன் எப்போதோ முடிந்துவிட்டதாம். ஆர்சி பெரியப்பா பெயரில் இருக்கிறது. அவர் போன வருடம் காலமாகிவிட்டார். "நம்ம வீட்டு வண்டி அண்ணி, கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்கிறார். எஃப்டியை உடைத்து வாங்கிவிடலாமா? வாங்குமுன் என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

பதில்: வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் இன்றைய நிலையில் அதை விற்கும் உரிமை உங்கள் கொழுந்தனாருக்குக் காகிதத்தில் இல்லை. அதனால் என்ஜினைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் ஆர்சி.

பதிவு செய்த உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசு 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். ஆகவே உங்கள் முதல் கேள்வி: வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறது, எல்லோருக்கும் இந்த விற்பனையில் சம்மதமா? பெரியம்மா இருக்கலாம், கட்டிக்கொடுத்த நாத்தனார் இருக்கலாம். அவர்கள் கையெழுத்து இல்லாமல் பணம் கைமாறினால், நாளைக்கு வருவது கார் தகராறு இல்லை, குடும்பத் தகராறு. சொந்தத்துக்குள் இதைக் கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் முன்பின் தெரியாத தரகரோடு சண்டை வந்தால் ஒரு நாளில் மறந்துவிடலாம். இவர்களை ஒவ்வொரு விசேஷத்திலும் பார்த்தாக வேண்டுமே.

அடுத்து, அந்த லோன். வங்கிக்குக் கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிவதில்லை. வங்கியிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, படிவம் 35-ஐயும் சேர்த்து ஆர்டிஓவில் கொடுத்தால்தான் ஆர்சியிலிருந்து வங்கியின் பெயர் நீங்கும். பலர் அந்த என்ஓசியை பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அடமான விவரம், இன்சூரன்ஸ், புகைச் சான்று எந்தத் தேதி வரை என்பதெல்லாம் தெரியும். இ-சலான் பாக்கியையும் அங்கேயே பார்க்கலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஓசூர் ஆர்டிஓவில் படிவம் 28 கொடுத்து, வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதற்கான என்ஓசி வாங்க முடியும். இங்கேதான் உங்கள் 4.75 லட்சம் வளர ஆரம்பிக்கிறது.

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். "டிஎன் 70 என்ற ஓசூர் நம்பர் போட்டுக்கொண்டு பெங்களூரில் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள்!" என்று யாராவது சொல்வார்கள். ஓட்டுகிறார்கள்தான், அவர்களில் பலர் வாரக் கடைசியில் ஓசூருக்குத் திரும்புகிறவர்கள். நீங்கள் அல்சூரிலேயே குடியிருக்கிறீர்கள். மறுபதிவு என்றால் கர்நாடகாவின் ஆயுள் வரியைக் கட்ட வேண்டும்; அது நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று. வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறைத்துத்தான் கணக்கிடுவார்கள். இருந்தும் இந்த வண்டிக்கு 50,000 ரூபாய்க்கு மேல் ஆகலாம். சரியான தொகையை ஆர்டிஓவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. ஆனால் அதற்கு அலைய வேண்டும். பணம் கைக்கு வரும்வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என் உத்தேசக் கணக்கு: வரி 55,000, புது இன்சூரன்ஸ் 15,000, டயர், பேட்டரி, முதல் சர்வீஸுக்கு 25,000. மொத்தம் 95,000. 4.75 லட்சம் என்றது 5.70 லட்சத்தில் போய் நிற்கிறது. அந்த விலையில் எனக்கு இது பிடிக்கவில்லை. காரணம், 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. பழைய கார் விற்பவர்களில் பலர் இன்னும் பழைய ஷோரூம் விலையை மனதில் வைத்தே பேசுகிறார்கள். அதே கார் இன்று புதிதாக என்ன விலை என்று ஷோரூமில் கேட்டுக்கொண்டு போய் பேரம் பேசுங்கள். 4 லட்சத்துக்கு மேல் போக வேண்டாம்.

எஃப்டியை முழுதாக உடைக்காதீர்கள். 2 லட்சம் அப்படியே இருக்கட்டும். கார் 4 லட்சத்துக்குப் படிந்தால் மொத்தம் ஏறக்குறைய 5 லட்சம். உங்கள் பணம் 2, கடன் 3. பழைய காருக்கான வட்டி புதுக் காரைவிட அதிகம். 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மூன்று வருடத்துக்கு இஎம்ஐ சுமார் 10,100. வட்டி மட்டும் 64,000 போகும். இஎம்ஐயோடு பெட்ரோலும் சர்வீஸும் சேர்த்து மாதம் 16,000 வரை ஆகும். 85,000 வருமானத்தில் தாங்கும், ஆனால் உறைக்கும். அல்சூரிலேயே மெட்ரோ இருக்கிறது, வாடகை வீட்டில் பார்க்கிங் உண்டா என்பதும் உங்களுக்குத்தான் தெரியும்.

வண்டியைப் பற்றி மூன்றே கேள்வி. ஒன்று, கம்பெனி சர்வீஸ் சென்டரில் உள்ள சர்வீஸ் விவரம். மீட்டரைத் திருத்தியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம் செய்தது. இரண்டு, இன்சூரன்ஸ் கிளெய்ம் ஏதாவது வாங்கியிருக்கிறார்களா. மூன்று, இடையில் யாராவது சென்னையில் வைத்து ஓட்டினார்களா. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற கார்கள் துடைத்து மெருகேற்றி எங்கெங்கோ விற்பனைக்கு வந்தன. சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துருவும், ஸ்டெப்னி குழியில் சேறும் இருக்கிறதா பாருங்கள். மிச்சத்தை ஒரு நல்ல மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

இன்சூரன்ஸில் ஒரு எச்சரிக்கை. பெரியப்பா பெயரில் உள்ள பாலிசியை நம்பி கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளி தாண்டி வண்டியை ஓட்டி வராதீர்கள். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்காவிட்டால், வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைப்பது சந்தேகம். அவர் சேர்த்து வைத்திருந்த நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது.

கொழுந்தனாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "உன் பெயருக்கு ஆர்சியை மாற்றி, வங்கிப் பெயரையும் நீக்கிவிட்டுச் சொல்லுப்பா, அன்றைக்கே விலை பேசிக்கொள்ளலாம்." அதுவரை முன்பணம் 10,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம், அதுவும் வங்கிக் கணக்கு வழியாக. இரண்டு மாதத்தில் அவர் முடிக்கவில்லை என்றால் கேஏ (கர்நாடக) பதிவுள்ள வண்டி ஒன்றைத் தேடுங்கள்; 40,000 ரூபாய் கூடக் கொடுத்தாலும் உங்களுக்கு அதுதான் மலிவு.