வடகம் காயப்போடும் நாளில் வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது?

கானாடுகாத்தான் பக்கமிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். வீட்டிலேயே கூழ் வடகம், மோர் மிளகாய், மணத்தக்காளி வத்தல் போட்டு வெளியூர்களுக்கு அனுப்புகிறார். அவருடைய கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்.

"சித்திரையில் ஒரு நாள், 'ஓரிரு இடங்களில் லேசான மழை' என்றுதான் அறிக்கையில் சொன்னார்கள். மஞ்சள் எச்சரிக்கைகூட இல்லை என்று பேரன் போனைப் பார்த்துச் சொன்னான். அதை நம்பி நாலு வேட்டி நிறைய வடகம் பிழிந்தோம். மூன்றரை மணிக்கு ஒரு மழை வந்தது. பதினைந்து நிமிடத்தில் அத்தனையும் கூழாகிவிட்டது. பக்கத்தில் பள்ளத்தூரில் ஒரு சொட்டு இல்லையாம். இன்னொரு தடவை, ஆடி மாதம், 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' என்று கேட்டுவிட்டு மூன்று நாள் அடுப்பே மூட்டவில்லை. மூன்று நாளும் வெயில் கொளுத்தியது. இந்த வார்த்தைகளுக்கெல்லாம் என்ன கணக்கு? எதைப் பார்த்து நான் மாவு கிண்டுவது?"

ஆச்சி, நீங்கள் எழுதியிருக்கும் நாலு சொல்லும் நாலு வேறு கேள்விகளுக்கான பதில். எத்தனை ஊரில் பெய்யும் என்பதற்கு 'ஓரிரு இடங்களில்'. எவ்வளவு பெய்யும் என்பதற்கு 'லேசான'. எதனால் பெய்கிறது என்பதற்கு 'தாழ்வுப் பகுதி'. எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும் என்பதற்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு கேள்விக்கு எடுத்துக்கொள்வதில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். வானிலை கவனிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். பிறந்ததும் தேவகோட்டைப் பக்கம்தான். அதனால் உங்கள் வடகத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இடக் கணக்கு. ஒரு வட்டாரத்தில் இருக்கும் மழைமானிகளில் எத்தனை சதவீதத்தில் 2.5 மி.மீட்டரோ அதற்கு மேலோ பதிவாகும் என்று பார்க்கிறார்கள். கால் பங்கு மானிகள் வரை என்றால் 'ஓரிரு இடங்களில்'. கால் பங்குக்கு மேல் பாதி வரை 'ஒரு சில இடங்களில்'. பாதிக்கு மேல் முக்கால் வரை 'அநேக இடங்களில்'. அதற்கும் மேலே போனால் 'பெரும்பாலான இடங்களில்'. அந்த ஓரிரு இடம் எந்த ஊர் என்று இந்தச் சொல் சொல்லவே இல்லை. கோடை இடிமழை ஒரு மேகத்தின் அடியில் சில கிலோமீட்டர் அகலத்துக்குப் பெய்து முடிந்துவிடும். கானாடுகாத்தான் நனைந்து பள்ளத்தூர் காய்ந்து கிடந்தது என்றால், அன்று அறிக்கை பொய்க்கவில்லை. அது சொன்ன ஓரிரு இடத்தில் ஒன்று உங்கள் மாடியாக அமைந்துவிட்டது.

அடுத்து 'லேசான'. 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மி.மீ. வரை பெய்தால் லேசான மழை. 64.4 வரை மிதமானது. 64.5-இலிருந்து கனமழை, 115.6-இலிருந்து மிக கனமழை, 204.5-இலிருந்து அதிகனமழை. ஏரி, ஊருணி, சாலை, வெள்ளம் இவற்றை மனதில் வைத்து வகுத்த கணக்கு இது. வடகத்துக்கு இது பொருந்தாது. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் நாலு முழ வேட்டி ஒன்று ஏறக்குறைய இரண்டரைச் சதுர மீட்டர் இருக்கும். லேசான மழையின் கீழ் வரம்பு அன்று பெய்தாலே அந்த ஒரு வேட்டியில் ஆறு லிட்டருக்கு மேல் விழுகிறது. மேல் வரம்பு பெய்தால் முப்பத்தெட்டு லிட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று குடம். பிழிந்த அன்றைக்கு ஒரு செம்புத் தண்ணீர் பட்டாலே வடகம் கரைந்துபோகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வானிலைத் துறையினரின் ஒரு நாள், காலை 8:30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8:30-க்கு முடிகிறது. 'இன்று மழை' என்று சொன்னது நடுராத்திரி பெய்தாலும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

நிறங்களை நீங்கள் ஒதுக்கிவிடலாம். பச்சை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லை என்று பொருள், மழை இல்லை என்று பொருள் இல்லை. மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள். உயிருக்கும் உடைமைக்கும் சேதம் வரக்கூடிய வானிலைக்கு மட்டும்தான் நிறம் பூசுகிறார்கள். பத்து மி.மீ. மழைக்கு யாரும் மஞ்சள் கொடுக்க மாட்டார்கள். பேரன் பார்த்துச் சொன்னது சரிதான், ஆனால் அது உங்கள் கேள்விக்கான பதில் இல்லை.

சரி, தாழ்வுப் பகுதிக்கு வருவோம். இங்கே 'பகுதி', 'மண்டலம்' என்ற இரண்டு சொல்லையும் மாற்றிப் போட்டுப் பேசுகிறோம். கடலில் உருவாகும் சுழற்சியை அதன் காற்று வேகத்தை வைத்து மட்டுமே தரம் பிரிக்கிறார்கள். மணிக்கு 31 கி.மீட்டருக்குக் குறைவு என்றால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல், அதற்கு மேலும் படிகள் உண்டு. இந்த ஏணியில் மழைக்கு இடமே இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அன்று புயல் எதுவும் கிடையாது. குமரிக்கடல் பக்கம் இருந்த மேலடுக்குச் சுழற்சிதான், அதாவது தரைக்கு மேலே உயரத்தில் சுழலும் காற்றுதான் காரணம். புயல் என்று பெயர் வாங்காத ஒன்று அவ்வளவு பெய்தது. ஆகவே பெயரைக் கேட்டுப் பயப்படவும் கூடாது, பெயர் சின்னது என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது.

நமக்கு முக்கியம் அது இருக்கும் இடம். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலின் தென்மேற்கில் ஒரு தாழ்வுப் பகுதி என்றால், கடலின் ஈரத்தை நம் பக்கம் தள்ளும். இரண்டு மூன்று நாள் வெயிலை மறந்துவிடலாம். ஆனால் ஆனி, ஆடியில் ஒடிசாவுக்கு அருகே, வடக்கு வங்கக்கடலில் ஒன்று உருவானால் அது மேற்குக் காற்றைப் பலமாக இழுக்கும். அந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, நம்மூருக்குக் காய்ந்த காற்றாக வந்து சேரும். நீங்கள் அடுப்பு மூட்டாத அந்த மூன்று நாள் வெயில் கொளுத்தியதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அடுத்த முறை 'தாழ்வுப் பகுதி' என்று கேட்டால், எந்தக் கடலில், எந்த மூலையில் என்று அடுத்த வாக்கியத்தையும் கேளுங்கள். அப்புறம், மீனவர்களுக்கான பகுதியில் 'சூறாவளிக் காற்று' என்று வரும். அது கடல்மேல் விட்டுவிட்டு வேகமெடுக்கும் காற்று. அதைக் கேட்டு மாவைத் தள்ளிப் போட வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சொல் 'வெப்பச்சலனம்'. உங்கள் நாலு வேட்டியை நனைத்தது அதுதான். காலையிலிருந்து தரை காய்கிறது, தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே ஏறுகிறது. மதியத்துக்கு மேல் தொண்டிப் பக்கமிருந்து கடல்காற்று ஈரத்தோடு உள்ளே வருகிறது. மேற்கேயிருந்து வரும் காய்ந்த காற்று அதோடு முட்டும் இடத்தில் மேகம் செங்குத்தாக எழும்புகிறது. இந்த மழைக்குக் கடலில் சுழற்சி எதுவும் தேவையில்லை. அது எந்த ஊரில் எழும்பும் என்று முந்தின நாளே சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும் என்பது உறுதி. அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்தால் விடிவதற்கு முன்பே கூழ் கிண்டி, வெயில் ஏறும்போதே பிழிந்து முடித்துவிடுங்கள். இரண்டு மணிக்குள் மேல்தோல் இறுகிவிடும். அதன் பிறகு வேட்டியோடு தூக்கி வளவுக்குள் போடுவது சுலபம்.

பத்து மணிக்கு மேல் அறிக்கையைவிட உங்கள் கண்தான் நல்ல கருவி. 1802-இல் லண்டனில் லூக் ஹோவர்டு என்ற மருந்து தயாரிப்பாளர் மேகங்களுக்கு உருவத்தை வைத்துப் பெயர் கொடுத்தார். இன்று உலகம் முழுவதும் அதன் வழியில்தான் பத்து வகையாகப் பிரிக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு போதும். பஞ்சுப் பொதி போல, அடி தட்டையாக, தனித்தனியாக மிதப்பது திரள் மேகம். அது உயரத்தைவிட அகலமாக இருக்கும் வரை தைரியமாக இருங்கள். ஒரு மணி வாக்கில் பிரான்மலைப் பக்கம் பாருங்கள், மற்ற திசைகளையும் ஒரு சுற்று பாருங்கள். அகலத்தைவிட உயரமாக, காலிஃபிளவர் போல மொக்கு மொக்காகப் பொங்கிக்கொண்டிருந்தால் பிழிவதை நிறுத்துங்கள். அந்த உச்சியின் மொக்குகள் கலைந்து, நார் நாராகி, கொல்லன் பட்டறைக்கல் போல ஒரு பக்கம் தட்டையாக விரிந்தால் உச்சியில் பனிக்கட்டி பிடித்துவிட்டது என்று பொருள். அது இனி கார்திரள் மேகம். இடியும் மின்னலும் அதற்குள்தான் இருக்கின்றன.

கவனிப்பாளர்கள் வானில் தெரிவதை நாலு குடும்பமாகப் பிரிப்பார்கள். மழை, தூறல், மூடுபனி, பனித்துளி எல்லாம் தண்ணீர்க் குடும்பம். தூசிமூட்டம், புகை, சுழிக்காற்றில் எழும் புழுதி எல்லாம் தூசிக் குடும்பம். வானவில்லும் நிலாவைச் சுற்றிய வளையமும் ஒளிக் குடும்பம். இடியும் மின்னலும் மின்சாரக் குடும்பம். அந்தந்த நேர வானிலையை எழுத 00 முதல் 99 வரை நூறு எண்கள் உண்டு. மின்னல் தெரிந்து இடி கேட்காவிட்டால் 13. இடி கேட்டு மழை இல்லாவிட்டால் 17. மழைக்கால் இறங்குவது தெரிந்தும் தரையைத் தொடாவிட்டால் 14.

இந்த 14-ஐ நம் பக்கம் சித்திரையில் அடிக்கடி எழுதலாம். மேகத்தின் அடியிலிருந்து சாம்பல் நிறத் திரை தொங்கும், பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். ஆனால் ஆவியாகும்போது அந்தக் காற்று குளிர்ந்து, கனத்து, கீழே விழுந்து நாலு பக்கமும் சிதறி ஓடும். வெக்கையாக இருந்த மாடியில் திடீரென்று ஜில்லென்று ஒரு காற்று, கூடவே மண்வாசனை, அடுத்த நொடி வேட்டியின் ஓரம் படபடவென்று அடிக்கிறது. அது எங்கோ பக்கத்தில் மழை இறங்குவதன் முன்னோட்டம். அந்தக் காற்று வந்தபின் யோசிக்க நேரம் இருக்காது, எடுத்துவிடுங்கள்.

17-ஐ மட்டும் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மழை இல்லை, இடி மட்டும்தானே என்று மாடியில் நின்று வடகம் பொறுக்கிக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர் தூரம். இடிச்சத்தம் காதில் விழும் தூரத்தில் இருந்தாலே மின்னல் உங்களை எட்டும். கேட்ட உடனே இறங்குங்கள், வடகம் போனால் போகட்டும். பேரனிடம் சொல்லி தாமினி செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்தில் மின்னல் வெட்டினால் அது காட்டும். மாவட்ட வாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வெளியிடும் அறிவிப்பும் உண்டு. பிற்பகல் வடகத்துக்குக் காலை அறிக்கையைவிட அது உதவும்.

'அகல வட்டம் பகல் மழை' என்று வீட்டில் சொல்வீர்கள். அதில் விஷயம் இருக்கிறது. கையை நீட்டி விரலை விரித்தால், நிலாவிலிருந்து ஒரு சாண் தள்ளித் தெரியும் பெரிய வளையம், வெகு உயரத்தில் மெல்லிய பனிக்கட்டி மேகம் பரவியிருப்பதால் வருவது. தூரத்தில் ஒரு மழை அமைப்பு இருப்பதை அது காட்டக்கூடும். ஆனால் அந்த மேகம் மழை தராது, அமைப்பும் நம் பக்கம் வந்தாக வேண்டும் என்பதில்லை. வளையத்தைப் பார்த்தால் காலையில் அறிக்கையைக் கேளுங்கள், அவ்வளவு போதும்.

ராத்திரி மாடியில் விட்ட வடகம் மழை இல்லாமலே நமத்துப்போவது பனித்துளியால். பனி பெய்கிறது என்கிறோம், ஆனால் அது மேலிருந்து விழுவதில்லை. தெளிந்த வானம், காற்றில்லாத இரவு என்றால் துணியும் தட்டும் வேகமாகக் குளிர்ந்து, சுற்றியுள்ள காற்றின் ஈரம் அவற்றின் மேலேயே படிகிறது. மேலே ஒரு கூரை இருந்தால் அவ்வளவு குளிராது. தாழ்வாரத்தில் வைத்தாலே போதும்.

கடைசியாக ஒன்று. நேராக இருக்கும் ஓர் எவர்சில்வர் டப்பாவை மாடியில் மறைப்பில்லாத இடத்தில் வையுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். முற்றத்தில் வைக்க வேண்டாம், நாலு பக்க ஓட்டுச் சரிவின் தண்ணீரும் அங்கேதான் விழும். தினமும் காலை 8:30-க்கு ஸ்கேலை விட்டு எத்தனை மி.மீ. என்று பார்த்து, காலண்டரில் அந்தத் தேதியிலேயே குறித்துவிட்டு, டப்பாவைக் கவிழ்த்துத் துடைத்து வையுங்கள். பக்கத்திலேயே அன்று அறிக்கை சொன்ன காரணத்தையும் எழுதுங்கள்: வெப்பச்சலனம், மேலடுக்குச் சுழற்சி, தாழ்வுப் பகுதி என்றால் எந்தக் கடல். இரண்டு கோடை இப்படி எழுதிவிட்டு அந்தத் தாள்களை எனக்கு அனுப்புங்கள். உங்கள் மாடிக்கு எந்தச் சொல் மழை கொண்டுவருகிறது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.