கழற்றிய இடத்தில் தேடுங்கள்: கேம்பர் வேன் கேள்வி–பதில்

வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் அமைத்துக்கொண்டு பயணம் போகும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கவலைதான்: என்ஜினை மாற்றியாயிற்று, இதுவரை கேட்காத சத்தம் கேட்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்கிறேன். புதிதாக வைத்த என்ஜின் கெட்டது என்று எடுத்தவுடன் முடிவுகட்டாதீர்கள். அதை வைப்பதற்காகக் கழற்றி மாட்டிய போல்ட், குழாய், ரப்பர் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

கேள்வி: ஐயா, ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் எங்கள் டெம்போ டிராவலர் மூழ்கியது. என்ஜின் தண்ணீரை இழுத்து கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைந்துவிட்டதால் வேறு என்ஜின் வைத்தோம். வண்டி நிற்கும்போது கரகரவென்று இரைச்சல். கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. என்ஜினை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாமா?
– மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம். கிளட்சை மிதித்தால் நிற்கிறது என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. நியூட்ரலில் கிளட்சை மிதிக்காமல் இருக்கும்போது கியர்பாக்ஸின் முன்தண்டு என்ஜினோடு சேர்ந்து சுற்றும். மிதித்ததும் தண்டு நின்றுவிடும், என்ஜின் மட்டும் ஓடும். ஆகவே நின்றுபோகிற சத்தம் கியர்பாக்ஸ் பக்கத்தைச் சேர்ந்தது.

2024 நவம்பர் 30 அன்று புயல் கரையைக் கடந்த பிறகு நம் பக்கம் நின்ற வெள்ளம் என்ஜினுக்குள் மட்டுமா போயிருக்கும்? கியர்பாக்ஸின் பிரீதர் துளை, அதாவது காற்றோட்டத் துளை, வழியாகவும் தண்ணீர் இறங்கும். அடிப் போல்ட்டைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பேரிங்கும் துருப்பிடித்திருக்கும். பின் அச்சின் ஆயிலையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

ஆயில் சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் டவல் பின். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் முகத்தில் இருக்கும் இந்தச் சிறு பின்கள் பல நேரங்களில் பழைய என்ஜினோடு போய்விடுகின்றன. போல்ட்டை மட்டும் நம்பி இறுக்கினால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. மயிரிழை விலகினாலும் முன்தண்டு பேரிங் கெட்டுவிடும். ஜாக்கியில் தாங்காமல் கியர்பாக்ஸைத் தண்டின் மேல் தொங்கவிட்டு மாட்டியிருந்தால் கிளட்ச் பிளேட்டும் கோணியிருக்கும். எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அப்போதே ரிலீஸ் பேரிங்கையும் (மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்) புதிதாகப் போட்டுவிட்டால், அதற்காக இன்னொரு முறை கூலி கொடுக்க வேண்டியிருக்காது.

மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இதையும் சொல்கிறேன்: கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நின்ற வண்டியில் மிதித்துக் கியர் போட்டபோது மட்டும் வந்தால் முன்தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

சத்தத்தோடு சம்பந்தமில்லாத ஒன்று. என்ஜினை மாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. செய்திருக்காவிட்டால் உடனே செய்யுங்கள்.

கேள்வி: மாருதி ஆம்னியைப் படுக்கை வேனாக மாற்றியிருக்கிறோம். என்ஜின் மாற்றியபின் காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டிக் டிக்’ என்கிறது, சூடானதும் குறைகிறது. டப்பட்டை (வால்வைத் திறக்கும் பாகம்) இரண்டு முறை சரிசெய்தும் போகவில்லை.
– அரியாங்குப்பம்

பதில்: டப்பட்டை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வது எக்ஸாஸ்ட் மனிஃபோல்டின் (என்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்) கேஸ்கட், அதாவது இணைப்பை அடைக்கும் தகடு, கசியும் சத்தம் போலத் தெரிகிறது. குளிர்ந்திருக்கும்போது இடைவெளி வழியே புகை துடித்துத் துடித்து வெளியேறும். சூட்டில் உலோகம் விரிந்ததும் இடைவெளி ஓரளவு மூடிக்கொள்ளும். காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் தடித்த துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி அழுத்தட்டும். அப்போது ‘டிக் டிக்’ உரக்கக் கேட்டால் கசிவு உறுதி. இணைப்பின் ஓரத்தில் கரிக்கோடும் தெரியும். பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது அதை இறுக்கும் ஒரு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) முறிந்திருக்கும். புதிய கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக இறுக்கச் சொல்லுங்கள். மனிஃபோல்டு முகம் வளைந்திருந்தால் சமப்படுத்தாமல் மாட்டக்கூடாது.

இதைச் சிறு சத்தம் என்று தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆம்னியின் என்ஜின் முன் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. பெட்ரோல் என்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். கசிவை அடைக்கும்வரை குடும்பத்தோடு அந்த வண்டியில் போக வேண்டாம். சரிசெய்த பிறகும் என்ஜினை ஓடவிட்டு உள்ளே யாரும் உறங்கக்கூடாது. இருக்கைக்கு அடியில் உள்ள மூடியின் ரப்பர் விளிம்பு திரும்பச் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். படுக்கை அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: வேனில் ஃபிரிட்ஜ் ஓடும்போது மட்டும் ‘கீச்’ என்ற சத்தம்.
– பாகூர்

பதில்: இரண்டாவது பேட்டரியும் ஃபிரிட்ஜும் சேர்ந்து மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூட்டுகின்றன, அதைச் சுழற்றும் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டின் உட்பக்கம் சிறிது தண்ணீர் தெளியுங்கள். கைகளும் உடையும் பெல்ட்டுக்கு எட்டாத தொலைவில் இருக்கட்டும். சத்தம் கூடினால் பெல்ட் தளர்வாக இருக்கிறது. குறைந்து மீண்டும் வந்தால் பெல்ட் ஓடும் புல்லிகள் (சக்கரங்கள்) ஒரே வரிசையில் இல்லை.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் வேன் முழுக்க ரீங்காரம், அலமாரிக் கதவெல்லாம் அதிர்கிறது. என்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் புதியதுதான்.
– கோட்டக்குப்பம்

பதில்: சாலை காலியாக இருக்கும்போது அதே 60இல் ஒரு கியர் குறைத்து ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் மாறாமல் இருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) அல்லது சக்கரம். ஷாஃப்ட்டைக் கழற்றியபோது பழைய நிலையிலேயே பொருத்துவதற்கான அடையாளம் இடாமல் மாட்டியிருக்கலாம். ரீங்காரம் மாறினால் என்ஜின் பக்கம்.

ரப்பர் புதியதாக இருந்தாலும் முறுக்கிய நிலையில் இறுக்கப்பட்டிருந்தால் அதிர்வை அது தாங்காது. மவுண்டிங் போல்ட்களைச் சில சுற்று மட்டும் தளர்த்தி, என்ஜினைச் சிறிது நேரம் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு அணையுங்கள். என்ஜின் தானாக ஓரிடத்தில் உட்கார்ந்ததும் இறுக்குங்கள். சைலன்சர் குழாய் சேஸிஸில் எங்காவது உரசிப் பளபளப்பாகியிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டிலையோ அலமாரியையோ என்ஜின் மூடியோடு சேர்த்துத் திருகியிருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: என்ஜின் மாற்றி ஒரு வாரம். ஆயில் விளக்கு அணையத் தாமதமாகிறது, அடியில் கனமாகத் தட்டும் சத்தம். நெய்வேலிவரை ஓட்டிப்போய்க் காட்டலாமா?
– பண்ருட்டி

பதில்: ஓட்டாதீர்கள். திரும்ப ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். கட்டி இழுத்துப் போங்கள், அல்லது மெக்கானிக்கை வரவழையுங்கள். நான் பொதுவாகச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் என்ஜினின் உள்ளேதான் பார்க்க வேண்டும். முதலில் ஆயில் அளவைப் பார்க்கட்டும். ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுக்கும் உலோகத்தூள் இருந்தால் பேரிங் தேய்கிறது. அந்த ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் படம் எடுத்து வைத்து, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.