வெளி ஹார்டு டிஸ்குக்கு மாற்றியதும் எல்லாப் படங்களுக்கும் இன்றைய தேதி வந்துவிட்டது. எடுத்த தேதியை எப்படிக் காப்பாற்றுவது?

மடிக்கணினியில் இருந்த படங்களை வெளி ஹார்டு டிஸ்குக்கு ஏற்றுமதி செய்ததும் பத்து வருடப் படங்களும் ஒரே நாளில் எடுத்தவைபோலக் காட்டுகின்றன, தேதிகள் அழிந்துவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அழிந்திருக்காது. ஆனால் மடிக்கணினியில் உள்ள மூலப் படங்களை இன்னும் நீக்கவில்லை என்றால், தயவுசெய்து இப்போதைக்கு நீக்காதீர்கள். மற்றதை நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

இதே நிலையில் நான் நின்றிருக்கிறேன், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். 2009 முதல் 2016 வரை ஒவ்வொரு மார்கழியிலும் அம்மா வாசலில் போட்ட கோலங்களைத் தினமும் படம் எடுத்து வைத்திருந்தேன். மார்கழிக்கு 29 அல்லது 30 நாள். அம்மா ஒருமுறை போட்ட கோலத்தை அதே மாதத்தில் மறுபடி போடமாட்டார். முதல் வாரம் சிறிய சிக்குக் கோலங்களில் தொடங்கி, நாளுக்கு நாள் புள்ளி கூடிக்கொண்டே போய், போகியன்று தெருவை அடைத்து நிற்கும். அந்த வரிசைதான் எனக்கு முக்கியம். தனித்தனிப் படமாகப் பார்த்தால் அது வெறும் கோலம். தேதியோடு பார்த்தால்தான் அம்மா அந்த மாதத்தை எப்படிக் கட்டி எழுப்பினார் என்பது தெரியும். பழைய கணினியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்குக்கு ஏற்றுமதி செய்து, கணினியை அழித்தும் கொடுத்துவிட்டேன். பிறகு திறந்து பார்த்தால் எட்டு மார்கழியும் ஒரே செவ்வாய்க்கிழமையில் வந்து குவிந்திருந்தன.

ஒரு படத்துக்கு இரண்டு வகையான தேதிகள் உண்டு என்பதே அப்போது எனக்குத் தெரியாது. கல்யாணச் சீரில் வரும் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயரும் தேதியும் வெட்டித் தருவார்கள் அல்லவா? அந்தப் பாத்திரத்தை எந்தப் பரணில் ஏற்றினாலும், எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் வெட்டிய தேதி மாறாது. படத்துக்குள் கேமரா எழுதி வைக்கும் எடுத்த தேதி அப்படிப்பட்டது. எக்ஸிஃப் என்ற தரத்தின்படி அது படக் கோப்புக்குள்ளேயே பதிவாகிறது. ஜப்பானில் 1995-ல் வகுக்கப்பட்ட தரம் இது. கைப்பேசியோ பெரிய கேமராவோ, எதில் எடுத்தாலும் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று படத்தோடு சேர்த்தே எழுதப்படும்.

இன்னொரு வகை, கணினி தன் கணக்குக்காகக் கோப்பின்மேல் போட்டுக்கொள்ளும் தேதி: இந்தக் கோப்பு இந்த டிஸ்கில் எப்போது உருவானது, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பவை. பாத்திரத்தைப் பரணில் ஏற்றிய நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மாறினால் இது மாறுவது இயல்புதான். விண்டோஸில் ஒரு கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்து ஒட்டினால், உருவாக்கிய தேதி அந்த நிமிடமாகிவிடும். மாற்றிய தேதி பழையபடியே இருக்கும். அதனால்தான் உருவாவதற்கு முன்பே மாற்றப்பட்ட விநோதமான கோப்புகளைப் பார்க்கிறோம். ஒரு புகைப்படச் செயலியிலிருந்து ஏற்றுமதி செய்தால் நிலைமை வேறு. அங்கே செயலி புதிதாக ஒரு கோப்பைச் செய்து தருகிறது. அந்தக் கோப்பு அன்றுதான் பிறக்கிறது. ஆகவே இரண்டு தேதிகளும் அன்றைய நாளைக் காட்டலாம். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் இதை உறுதிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸில் படத்தின்மேல் வலது சொடுக்கு செய்து, பண்புகளுக்குள் விவரங்கள் என்ற பகுதியைப் பாருங்கள். எடுத்த தேதி என்று ஒரு வரி இருக்கும். அதில் சரியான நாள் இருந்தால் எதுவும் போகவில்லை. கோப்புறையில் அந்தத் தேதிக்கான பத்தியைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்தினால் எல்லாம் ஒழுங்காக நிற்கும். என் கோலங்களில் பெரும்பகுதி இப்படித்தான் திரும்பி வந்தன. அந்த வரியில் 2012 டிசம்பர் 16, காலை 5.10 என்று பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் உள்ளே தேதி இருந்தால் போதும் என்று விட்டுவிடலாமா? விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. டிஸ்கைத் தொலைக்காட்சியில் செருகிப் பார்க்கும்போது பல பெட்டிகள் கோப்பின் பெயரையோ மாற்றிய தேதியையோ வைத்துத்தான் வரிசைப்படுத்துகின்றன. உள்ளிருக்கும் தேதியை எல்லாக் கருவிகளும் படிப்பதில்லை. ஆகவே எடுத்த தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ஆண்டு முதலில், பிறகு மாதம், நாள், அதற்குப்பின் மணி, நிமிடம், நொடி: 2012-12-16_05-10-42 என்ற வடிவில். ஒற்றை இலக்க மாதத்துக்கும் நாளுக்கும் முன்னால் சுழியம் போட வேண்டும். இப்படிப் பெயரிட்டால் அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். எந்த டிஸ்குக்குக் கொண்டுபோனாலும் கலையாது. நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றுசேர்ந்துவிடும்.

ஆயிரக்கணக்கான படங்களுக்குக் கையால் பெயர் மாற்ற முடியாது. நான் பயன்படுத்துவது எக்ஸிஃப்டூல். ஃபில் ஹார்வி என்பவர் எழுதி 2003 முதல் இலவசமாகத் தந்துவரும் நிரல் இது. கட்டளை வரியில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து, இயக்க வேண்டியிருப்பதால் முதலில் தயக்கமாக இருக்கும். உங்களுக்குத் தேவையானவை இரண்டே வேலைகள். ஒன்று, படத்தினுள் உள்ள எடுத்த தேதியைப் படித்து அதையே கோப்பின் பெயராக்குவது. மற்றது, அதே தேதியைக் கோப்பின் மாற்றிய தேதியாகவும் எழுதுவது. ஒரு கோப்புறை முழுவதற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். நிரலின் விளக்கப் பக்கத்திலேயே மாதிரிகள் உள்ளன. கட்டளை வரி வேண்டாம் என்றால் டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் சாளரத்துக்குள்ளேயே இதைச் செய்யலாம். எதுவானாலும், முதலில் நகல் ஒன்றின்மீது செய்து பாருங்கள்.

இனி, உங்களுடைய முக்கியக் கேள்விக்கு: ஏற்றுமதியையே எப்படிச் சரியாகச் செய்வது? மேக் கணினியின் போட்டோஸ் செயலியில் இரண்டு வகை ஏற்றுமதி உண்டு. ஒன்று, நீங்கள் செய்த திருத்தங்களோடு புதிய கோப்பாகத் தருவது. மற்றொன்று, மாற்றப்படாத மூலத்தைத் தருவது. படம் கேமராவிலிருந்து வந்த நிலையிலேயே வேண்டும் என்றால் இரண்டாவதுதான் சரி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. செயலிக்குள் ஒரு படத்தின் தேதியை நீங்களே திருத்தியிருந்தால், அந்தத் திருத்தம் செயலியின் ஏட்டில்தான் இருக்கும். மூலக் கோப்பில் பழைய தவறான தேதியே இருக்கும். தேதி திருத்திய படங்களை மட்டும் முதல் வகையில் ஏற்றுமதி செய்யுங்கள். கூகுள் போட்டோஸிலிருந்து மொத்தமாக இறக்குவோருக்கும் இது பொருந்தும். அங்கே நீங்கள் திருத்திய தேதி படத்துக்குள் எழுதப்படாமல், கூடவே வரும் ஜேசன் என்ற சிறு கோப்பில் வருகிறது. அந்தச் சிறு கோப்புகளைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

ஐபோனிலிருந்து கணினிக்குக் கம்பி வழியாக எடுப்பவர்கள், அமைப்புகளில் போட்டோஸ் பகுதியின் அடியில் இருக்கும் மூலத்தை அப்படியே வை என்ற தேர்வை இட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வழியிலேயே வடிவம் மாற்றப்பட்ட நகல் வரலாம். கோப்புறையிலிருந்து கோப்புறைக்கு நேரடியாக மாற்றுபவர்கள் விண்டோஸில் ரோபோகாப்பி, மேக்கிலும் லினக்ஸிலும் ஆர்சிங்க் ஆகிய நகலெடுக்கும் கட்டளைகளைப் பயன்படுத்தலாம். ஆர்சிங்கில் நேரத்தைக் காக்கும் தேர்வைக் கேட்டு வாங்க வேண்டும். தானாக அது செய்யாது.

டிஸ்கை எந்த முறையில் வடிவமைத்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பழைய ஃபேட்32 முறையில் மாற்றிய நேரம் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் பதிவாகும். எந்த நேர மண்டலத்து நேரம் என்ற குறிப்பும் இராது. 4 ஜிபிக்குமேல் பெரிய வீடியோவை ஏற்கவும் செய்யாது. விண்டோஸ், மேக் இரண்டிலும் பயன்படுத்த எக்ஸ்ஃபேட் நல்லது.

வீடியோக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை அதிகம் குழப்பியவை அவைதான். எம்பி4 வகைக் கோப்புகளில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும் என்பது விதி. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. மார்கழி முதல் நாள் காலை 5.10-க்கு அம்மா புள்ளி வைப்பதை எடுத்த வீடியோ, சில மென்பொருள்களில் முந்தைய நாள் இரவு 11.40 என்று காட்டியது. மார்கழி முதல் நாள் கார்த்திகையின் கடைசி நாளாகிவிட்டது! பகலில் எடுத்த வீடியோ என்றால் இந்தப் பிழையைக் கவனித்தே இருக்கமாட்டேன். அதிகாலை என்பதால் தேதியே மாறி, கண்ணில் பட்டது. எல்லாக் கேமராக்களும் இந்த விதியைப் பின்பற்றுவதில்லை. சில உள்ளூர் நேரத்தையே எழுதுகின்றன. எனவே ஒவ்வொரு கருவியிலிருந்தும் ஒரு வீடியோவை எடுத்து, நேரம் உறுதியாகத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் மொத்தமாகப் பெயர் மாற்ற வேண்டும்.

இப்போது, உள்ளேயே தேதி இல்லாத படங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே உள்ள எக்ஸிஃப் தகவல் நீங்கிவிடும். ஆண்ட்ராய்டில் அப்படி வந்த கோப்பின் பெயரில் ஒரு தேதி இருக்கும், ஆனால் அது எடுத்த நாள் அல்ல, கைப்பேசிக்கு வந்து சேர்ந்த நாள். உறவினர்களிடம் படம் கேட்கும்போது ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கோப்பு அப்படியே வரும். ஸ்கேன் செய்த பழைய படங்களில் பதிவாவது ஸ்கேன் செய்த நாள். எக்ஸிஃபில் எடுத்த நாளுக்கும் எண்ணியமாக்கிய நாளுக்கும் தனித்தனி இடங்கள் இருக்கின்றன. ஆல்பப் படத்தின் பின்புறம் எழுதியிருக்கும் தேதியை முதல் இடத்தில் நீங்களே எழுதிவிடலாம்.

கேமராக் கடிகாரமே தவறாக இருந்தால்? 2013-ம் ஆண்டு மார்கழியில் எனக்கு அப்படி நடந்தது. நெடுநாள் எடுக்காமல் வைத்திருந்த கேமராவின் உள் பேட்டரி தீர்ந்து, கடிகாரம் 2010 ஜனவரி 1-க்குத் திரும்பியிருந்தது. நான் கவனிக்காமல் அந்த மாதம் முழுவதும் எடுத்துவிட்டேன். ஆனால் இப்படிப்பட்ட பிழையில் எல்லாப் படங்களும் ஒரே அளவு பின்தங்கியிருக்கும். ஒரே ஒரு படத்தின் உண்மையான நாளும் நேரமும் தெரிந்தால் வித்தியாசத்தைக் கணக்கிட்டு மொத்தத்தையும் நகர்த்திவிடலாம். எக்ஸிஃப்டூல் அதையும் செய்யும். எனக்குக் கைகொடுத்தது, அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு படம். பின்னால் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. பெரிதாக்கிப் பார்த்தேன்: டிசம்பர் 22. அம்மா எழுந்ததும் முதல் வேலையாகத் தாளைக் கிழித்துவிடுவார் என்பதால் அந்தத் தேதியை நம்பலாம். வாசலில் பால்காரரின் சைக்கிள் நிற்கிறது. அவர் வருவது ஐந்தே முக்காலுக்கு. அந்த ஒரு படத்தைக் கொண்டு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட காலைகளை அவற்றின் இடத்தில் வைத்தேன். நிமிடம் முன்பின் இருக்கலாம், நாள் தவறவில்லை.

எனவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: மொத்தத்தையும் மாற்றுவதற்குமுன் பத்துக் கோப்புகளை வைத்துச் சோதியுங்கள். அதில் ஒரு சாதாரணப் படம், திருத்திய படம், தேதி மாற்றிய படம், வீடியோ, பிறர் அனுப்பியது, ஸ்கேன் செய்தது எல்லாம் இருக்கட்டும். டிஸ்கை வேறொரு கணினியில் செருகி ஒவ்வொன்றின் எடுத்த தேதியையும் பாருங்கள். சரியாக இருந்தால் மற்றதைச் செய்யுங்கள். முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கை இருபுறமும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு இரண்டாவது டிஸ்கிலும் ஒரு நகல் எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். அதன்பிறகே மடிக்கணினியில் அழிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

தேதி எப்படியும் தெரியாத படங்களுக்கு ஊகித்து ஒரு நாளை எழுதிவிடாதீர்கள். சில ஆண்டுகள் கழித்து நீங்களே அதை உண்மை என்று நம்பிவிடுவீர்கள். அத்தை எடுத்து அனுப்பிய பதினொரு கோலப் படங்கள் அப்படி என்னிடம் இருந்தன. அம்மாவுக்கு இப்போது முட்டி வலி, குனிந்து கோலம் போட முடிவதில்லை. ஒரு மாலை முழுவதும் மடிக்கணினியை அவர் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். சங்கும் சக்கரமும் போட்டதைப் பார்த்ததும், இது வைகுண்ட ஏகாதசி என்றார். பதினைந்து புள்ளி ஊடுபுள்ளியில் போட்ட ஒன்றைக் காட்டியபோது, மழை வந்து கலைத்துவிட்டதே, அதற்கு மறுநாள் என்றார். முந்தைய நாள் படத்தில் ஈரத்தரை இருந்தது. ஏழு படங்களுக்கு இப்படி நாள் கிடைத்தது. மிச்சம் நான்கு படங்களின் பெயரில் 2011-மார்கழி என்று மட்டும் எழுதி, நாளுக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.